லெப்பைக்கு வைத்த பரீட்சை

வந்தவர் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதி முடித்தார். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. குறை சொல்ல இடமில்லாமல் போனதில் முகம்மது கனிக்குச் சற்று வருத்தம்தான்.

பினாங்கு சூலியா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த கனி, பள்ளிவாசலுக்கும் தலைவர். அவர் குடைச்சல் தாங்காமல் பழைய லெப்பை கப்பலேறி ஒரு மாதம் ஆகிறது. இன்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு மகள் ஜன்னத்துக்கு நிக்காஹ். ஓதி வைக்க ஆளில்லாவிட்டால் பினாங்கே சிரிக்கும். ஆனாலும் சோதிக்காமல் ஆளை எடுக்க அவருக்கு மனம் வராது.

நாகூரிலிருந்து புது லெப்பையும் மாப்பிள்ளையும் ஒரே கப்பலில் காலையில்தான் வந்து இறங்கியிருந்தார்கள். இரண்டுமே கடிதத்தில் பேசி முடித்தவை. யார் முகத்தையும் யாரும் பார்த்ததில்லை. மைத்துனன் கமால்தான் துறைமுகத்துக்குப் போய், அந்த நெரிசலில் அவசர அவசரமாக மாப்பிள்ளையை வீட்டுக்கும் இவரைப் பள்ளிவாசலுக்கும் ரிக்‌ஷாவில் அனுப்பி வைத்தான்.

“மய்யித்து குளிப்பாட்டத் தெரியுமா, தம்பி?”

பிணம் கழுவுகிற கேள்வியில் வந்தவர் திகைத்து, பிறகு தெரியும் என்றார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருவாரா என்றதற்கும் தலையாட்டினார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டபோது மட்டும் கருகருவென்ற தாடிக்குள் வெட்கப்பட்டு, இன்னும் இல்லை என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கமால் மூச்சிரைக்க வந்து நின்றான். மாப்பிள்ளையைப் பார்த்ததிலிருந்து அக்கா ஹபீபா பீவி ஓயாமல் அழுகிறாளாம்; மாப்பிள்ளைக்கு வயது என்று ஏதோ இழுத்தான். பெண்ணைக் கொடுக்கிற தாய் அழாமல் சிரிப்பாளா என்று கனி அவனை மேலே பேசவிடாமல் விரட்டினார்.

கடைசிக் கேள்விதான் அவருடைய பிரம்மாஸ்திரம். பழைய லெப்பை முழித்தது அதில்தான்.

“லெப்பை, லெப்பைங்கிறோம். மலாய்க்காரங்களும் லெபாய்ங்கிறாங்க. அப்படின்னா என்ன? விருந்துன்னா முதப் பந்தியில உக்கார்றவருன்னு நான் நெனச்சிட்டிருக்கேன்.”

இளைஞர் சிரித்துவிட்டார். “கூப்பிட்டா ‘லப்பைக்’, இதோ வந்துட்டேன்னு சொல்றவங்க. அந்த அரபுச் சொல்லுதான் தேஞ்சு லெப்பையாச்சுன்னு எங்க வாப்பா சொல்வாங்க.”

கனிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். இப்படி ஒருவர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னார்.

“கெளம்புங்க தம்பி. என் மக நிக்காஹ்வ நீங்கதான் ஓதி வைக்கணும்.”

இளைஞரின் முகம் வெளிறியது.

“என் நிக்காஹ்வ நானே எப்படி ஓதி வைக்கிறது, மாமா?”