கேக்கு வெட்டிய கத்தி

காபூல் கல்யாண மண்டபத்தில், திரைக்கு இப்பால் எங்கள் பெண்கள் பக்கத்தில், கேக்கு காத்திருக்கிறது. அதை வெட்டவேண்டிய கத்தியோடு மணப்பெண் மர்சலின் அம்மா ஜர்மீனா ஆடிக்கொண்டிருக்கிறாள். மண்டபத்துக் கத்தியைக் காணோம் என்று அவள் கணவர் நஜ்முதீனின் பழம்பொருள் கடையிலிருந்து அவசரத்துக்குக் கொண்டுவந்த கத்தி அது. ஊசியாக ஒடுங்கும் நுனி, மஞ்சளேறிய தந்தப் பிடி. நாளைக் காலையில் அதை வாங்க வெளிநாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். கடையில் நஜ்முதீன் அதை யாரையும் வெறுங்கையால் தொடவிட்டதில்லை. தான் தொட்டாலும் உடனே எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவார். இப்போது அதன்மேல் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் வழுக்கி ஓடுகின்றன. பிடியில் ஜர்மீனாவின் வளையல்கள் உரசுகின்றன. நாங்கள் கைதட்டத் தட்ட அவளுடைய பருத்த இடுப்பு இன்னொரு சுற்று சுற்றுகிறது. கத்தியோடு ஆடுபவளுக்குப் பணம் கொடுத்துத்தான் அதை வாங்கவேண்டும் என்ற வழக்கப்படி, மாப்பிள்ளை இத்ரீஸ் ஆப்கானி நோட்டை நீட்டிக் கத்தியைக் கேட்கிறான். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு நழுவுகிறாள். திரையோரம் வெறும் உறையோடு நிற்கும் நஜ்முதீனுக்கு வியர்க்கிறது.

“மெதுவா, ஜர்மீனா. பிடி ரொம்பப் பழசு.”

“நானும் பழசுதான், மர்சல் அப்பா. என்னையும் கொஞ்சம் பாருங்க.”

பார்க்கிறார். பிறகு அவர் கண் கத்திப் பக்கம் போகவே இல்லை. ஒருவழியாகக் கத்தி இத்ரீஸ் கைக்கு வருகிறது. அவனும் மர்சலும் சேர்ந்து கேக்கை வெட்டுகிறார்கள். கிரீம் அப்பிய கத்தியை நஜ்முதீன் வாங்கி, துடைக்காமலே உறையில் செருகுகிறார்.

“ஐயோ, அப்படியே வெச்சுட்டீங்களே. நாளைக்கு வர்றவர்கிட்ட என்ன சொல்வீங்க?” என்று ஜர்மீனா பதறுகிறாள்.

“அதுக்கும் கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லிடறேன்.”