பிறன்

தம்பி தேவபிச்சை தன் மகள் எஸ்தரை வீட்டிலேயே படிக்க வைப்பதை ரூபியால் சகிக்க முடியவில்லை. "ஆத்துமாவக் காக்கத்தான்க்கா இந்தப் படிப்பு" என்பான். அவன் குழந்தைக்கு மாட்டியிருந்த கண்ணாடி, அவிசுவாசிகளைக் கண்ணிலும் காதிலும் படாமல் அழித்துவிடும்.

அன்று ரூபி வந்தபோது, பக்கத்து வீட்டு மும்தாஜ் வாசற்படியருகே வழுக்கி விழுந்து, காலை அசைக்க முடியாமல் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். படியில் உட்கார்ந்து எஸ்தர் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பிறனை நேசிப்பது எப்படி என்பதுதான் பாடம்.

ரூபி அவள் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

"அத்தே, இவங்க யாரு? ஏன் அழுறாங்க?"

"நீ பொறந்ததுலருந்து உன் பக்கத்து வீட்டுல இருக்கவ. ஓடிப்போய்த் தண்ணி எடுத்துட்டு வா."

ரூபி மும்தாஜின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை டம்ளரோடு ஓடிவந்தாள். பின்னாலேயே வந்த தேவபிச்சை, பதறிப்போய்க் கண்ணாடியை எடுத்து அவளுக்கு மாட்டினான்.

"கர்த்தர் காப்பாத்தினாரு" என்றான்.

"தூ! நீயும் உன் பாடமும்" என்றாள் ரூபி.

மும்தாஜ் கை நீட்டினாள். எஸ்தர் டம்ளரைப் பிடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அத்தே, அந்தம்மா எங்க போயிட்டாங்க?"