சுத்தமான உருப்படி

"அறுபது," என்றார் கடைக்காரர். "அதுக்கு மேல முடியாதும்மா."

மேசைமேல் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே கிட்டார் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதைக் கொண்டுவந்த பெண் அவரையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அறுபதாயிரமா? ரெண்டு லட்சம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப மார்க்கெட் விழுந்துடுச்சு."

"மூணு வாரத்துலயா?"

"மூணு நாள்லகூட விழும்."

சுவர் முழுக்கப் பழைய கிட்டார்கள் தொங்கின. அவற்றுக்குக் கீழே, அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்த கடைக்காரரின் மனைவி, ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேர்போன கம்பெனி, இப்ப அந்த மாதிரி யாரும் செய்யறதில்லைன்னு நீங்களே சொன்னீங்க. சுத்தமா இருந்தா முழு விலைன்னும் சொன்னீங்க. அதுக்காகத்தானே சார் இவ்வளவும் பண்ணினேன்?" அந்தப் பெண் கிட்டாரைத் தடவிக் காட்டினாள். "வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருக்கும்போதே, கட்டில் செய்யற தச்சரைக் கூப்பிட்டேன். மேலெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சு. முழங்கை படற இடத்துல பூச்சே போய் மரம் தெரிஞ்சுது. எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, மூணு கோட்டிங் வார்னிஷ் அடிச்சிருக்கு. பாருங்க, எங்கயாவது ஒரு கறை இருக்கா?"

கடைக்காரர் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"வீட்டுக்காரர் பார்த்தாரா?"

"காட்டலை சார். கடைசியா ஒரு தடவை காட்டுன்னு கேட்டார். பார்த்தா மனசு மாறிடுவாரேன்னு பெட்டியைப் பூட்டியே கொண்டு வந்துட்டேன்." அவள் குரல் இறங்கியது. "இடது கை அஞ்சு விரலும் மடங்கலை. தினமும் ஆள் வந்து பயிற்சி கொடுக்கணும். ஆறு மாசம் விடாம கொடுத்தா மடங்கும்கறாங்க. இதை நம்பித்தான் அந்த ஆளை வரச் சொல்லியிருக்கேன்."

"அறுபது தர்றேம்மா."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, ரெண்டு லட்சம்னு நீங்க போன்ல சொன்னது என் காதுலயும் விழுந்துச்சே."

"நீ சும்மா இரு."

அந்தப் பெண் பெட்டியை மூடினாள். "பரவாயில்லை. வேற கடையில காட்டிக்கறேன்."

கடைக்காரர் சட்டென்று பெட்டிமேல் கையை வைத்தார். "வேற எங்கயும் காட்டாதீங்க."

"ஏன்?"

"தொண்ணூறு. இப்பவே அனுப்பறேன்."

"அட, ஒரு நிமிஷத்துல மார்க்கெட் எழுந்து உட்கார்ந்துடுச்சே!" என்றாள் மனைவி.

அவர் தன் போனை எடுத்துப் பணத்தை அனுப்பினார். அந்தப் பெண்ணின் பைக்குள் போன் ஒரு தடவை சிணுங்கியது. அவள் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஆள் படுத்துட்டா என்ன விலைக்கும் கேட்கலாம்னு ஆயிடுச்சு," என்றாள் வாசலில் நின்று. "நல்லா இருங்க சார்."

அவள் படியிறங்கும் வரை மனைவி காத்திருந்தாள்.

"படுத்துக் கிடக்கறவர் வயித்துல அடிச்சாச்சு. திருப்தியா?"

அவர் கிட்டாரை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். மறுபடி பெட்டிக்குள் வைத்தார்.

ஒரு மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. கடைக்காரருக்கு ஒரு காது மந்தம். எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"என் பொண்டாட்டியைப் பார்த்தா உனக்கு இளிச்சவாய் மாதிரி இருக்காய்யா?" கோபத்தில் அந்தப் பெண்ணின் கணவருக்கு நாக்கு குழறியது.

"சொல்லுங்க சார்."

"சுத்தமான உருப்படிய்யா அது. ஒரு திருகாணிகூட நான் மாத்தினதில்லை. கம்பெனியில அடிச்ச பூச்சு, அம்பது வருஷமா அப்படியே இருக்கு. வெடிப்பு இருக்கும், தேய்வு இருக்கும், ஆனா எவனும் அது மேல கை வச்சதில்லை. அதுக்குத்தானே அந்த விலை?"

"ஆமா சார்."

"என் முழங்கை பட்டுத் தேஞ்ச இடம் இருக்கா இல்லையா?"

கடைக்காரர் மேசையைப் பார்த்தார். புது வார்னிஷில் கூரை விளக்கு முழுசாகத் தெரிந்தது.

"அப்படியே இருக்கு சார்."

"அப்புறம் என்ன குறை கண்டே அதுல?"

"ஒரு குறையும் இல்லை."

"அவ இங்க உட்கார்ந்து அழறா. தனக்குப் பேசத் தெரியாம உன்கிட்ட ஏமாந்துட்டாளாம்."

"அவங்க நல்லாத்தான் பேசினாங்க சார். நான்தான் அடிச்சு வாங்கிட்டேன்னு சொல்லுங்க."

"திருட்டுப் பயலே," என்றது போன். பிறகு அடங்கிவிட்டது.

மனைவி ஸ்டூலை விட்டு எழுந்து வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

கடைக்காரர் இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, நிதானமாக எழுதினார்.

'மேல்பூச்சைச் சுரண்டி மறுபடி அடித்தது. விலை நாற்பதாயிரம்.'

அட்டையின் நூலைக் கிட்டாரின் கழுத்தில் கட்டினார். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. அவள் ஒரு விரலை நீட்டி, நூலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.