வாசனைக் கையுறை

நாய்க்குட்டி பழக்குகிற எஸ்தர், வைஷாலி மேடத்தின் கை வாசனை ஏற்றிய கையுறையை இரண்டாம் நாளே கழற்றி மூலையில் எறிந்தாள்.

"இதை மாட்டிக்கிட்டே சீவுங்க, நான்தான் சீவுறேன்னு பிஸ்தா நம்பணும்" என்று சொல்லி, குட்டியை ஒரு மாதம் அவளிடம் விட்டுப்போன மகராசி! கையுறை கிட்டே வந்தாலே பிஸ்தா மேசைக்கடியில் ஒண்டியது. முடிச் சிக்கை வெடுக்கென்று பிடுங்கிய கையின் வாசனை அல்லவா அது!

எஸ்தர் பூண்டு மணக்கும் வெறுங்கையால் சீப்பை மோந்து பார்க்கக் கொடுத்தாள். ஈரல் துண்டு ஒன்று ஊட்டினாள். முதுகில் ஒரே ஒரு தரம் சீவி நிறுத்திக்கொண்டாள். மாதம் முடிவதற்குள் குட்டி வயிற்றைக் காட்டி மல்லாந்தது.

திரும்பி வந்த வைஷாலி, செல்ஃபி எடுத்தபடியே சீப்பை வாலில் போட்டு இழுத்தாள். பிஸ்தா வீறிட்டு எஸ்தரின் மடியில் ஏறியது.

"க்ளவுஸ்ல என் வாசனை சரியா ஏறல போல."

"அச்சு அசலா ஏறியிருக்கு மேடம். அதான் பயப்படுது."

வைஷாலி சற்று யோசித்தாள். "அப்ப உங்க கை வாசனைல ஒரு ஜோடி செய்யச் சொல்லி நான் மாட்டிக்கிறேன்."

கையைத் திருத்த மாட்டாளாம், கையுறையை மாற்றுவாளாம்! எஸ்தர் நடுங்கும் குட்டியை இறுக அணைத்துக்கொண்டாள்.

"வேணாம் மேடம். அப்புறம் இது என்னைப் பார்த்தும் ஓடும்."