துணைக்கு ஒரு கிண்ணம்

கிரீச்சென்று தீ எச்சரிக்கை மணி அலறியது. கொரியாவின் தேகு நகரத்து மூலிகைத் தெருவில், டாக்டர் பியோவைப் பார்க்கக் காத்திருந்த ஏழு பேரும் பதறி எழுந்தார்கள்.

"உட்காருங்க, ஒண்ணுமில்ல. மாடியில யாரோ மீனைக் கருக்கிட்டாங்க. நெஜத் தீன்னா வாசனையே வேற" என்றார் தோக்சு. இருபத்தாறு வருஷம் தீயணைப்பு நிலையத்தில் இருந்தவர் சொன்னால் நம்பித்தானே ஆகவேண்டும்? எல்லாரும் உட்கார்ந்தார்கள். மணி அடங்கியதும் அவர் மனைவி யோங்நானைக் கவலையோடு பார்த்து, வழக்கம்போலப் பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"சுமின் அம்மா, படபடன்னு வருதா?"

"இல்லீங்க. உங்களுக்கு?"

"எனக்கென்ன?"

போன வசந்தத்தில் ஒரு கிடங்கு எரிந்தபோது அவர் குழுவின் இளைஞன் கியூவோன் இறந்துபோனான். பண்டிகை தவறாமல் இவர்கள் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை. அடுத்த மாதமே யோங்நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். எரிகிறது, தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை என்றாள். துக்கத்தை வெளியே விடாமல் விழுங்கினால் வரும் அனல் நோய் இது என்றார் டாக்டர் பியோ. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: நோயாளி எதையும் தனியாகச் செய்யக்கூடாது, வீட்டில் ஒருவர் துணைக்குச் செய்யவேண்டும்.

தோக்சு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

கோதுமையும் இலந்தையும் அதிமதுரமும் போட்ட கஷாயத்தைத் தனியாகக் குடிக்க அவள் அடம்பிடித்தாள்; அவரும் ஒரு கிண்ணம் குடித்தார். ஊசி குத்தும் வைத்தியம் என்றால் அவளுக்கு நடுக்கம். அவர் முதலில் கையை நீட்டினார். அந்த வாடை அவளுக்கு ஆகாது என்று தினசரி குடித்த சோஜு சாராயத்தையும் விட்டார். நூடுல்ஸ் போய் பார்லிச் சோறும் கீரையும் வந்தன. சாயங்காலம் இருவரும் ஆற்றோரம் மூச்சை எண்ணியபடி நடந்தார்கள்.

அந்தத் தீயைப் பற்றித் தினமும் கொஞ்சம் பேசவேண்டும் என்றும் சொல்லியிருந்தார் டாக்டர். யோங்நானுக்கு வாய் வரவில்லை. சரி, அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று தோக்சுவே ஆரம்பித்தார். மூன்றாவது வாரம், புகைக்குள் கியூவோனின் கை நழுவிய இடத்துக்கு வந்தபோது குலுங்கி அழுதார், தன்னைப் பார்த்தாவது அவள் அழட்டுமே என்று.

இன்று உள்ளே கூப்பிட்டதும் பெர்சிமன் பழப் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு இடுப்பு வளைய வணங்கினார்.

"டாக்டரம்மா, இவ இப்ப விடியற வரைக்கும் தூங்கறா. சாப்பாட்டை ரசிச்சு சாப்பிடறா. இவளை எனக்குத் திருப்பிக் குடுத்துட்டீங்க. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். நிலையத்திலிருந்து போன் வந்திருக்கிறது. திங்கட்கிழமை சேரவேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும். மனைவியைத் தனியே விடலாம் என்று டாக்டர் சொன்னால் போவார். கூடாது என்றால் வருத்தமில்லை, சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்.

டாக்டர் யோங்நானின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். வழக்கம்போல, ஜோடியாகப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்று தோக்சுவுடையதையும் பார்த்தார். அதில் வெகுநேரம் விரல் நின்றது. பிறகு சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தில் எழுதி, முத்திரை குத்தி நீட்டினார்.

"திங்கட்கிழமை தாராளமா போங்க. இதை நிலையத்துல குடுத்துடுங்க."

தோக்சு படித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். ஆறு மாத மன அதிர்ச்சிச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, பணிக்குத் திரும்பத் தடையில்லை என்று இருந்தது. நோயாளியின் பெயர்: நாம் தோக்சு.

"அவசரத்துல என் பேரை எழுதிட்டீங்க டாக்டரம்மா. இவ பேரைப் போடுங்க."

டாக்டர் யோங்நானைப் பார்த்தார். அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு சரிதாங்க. எனக்குச் சீக்குன்னு சொல்லலைன்னா, நீங்க இந்த வாசலை மிதிச்சிருப்பீங்களா?"