நந்திக்கு ஓட்டு

மலாயாவின் அவசரகாலச் சட்டத்தில் கட்சிக் கூட்டம் போடப் போலீஸ் பெர்மிட் வேண்டும், பஜனைக்கு வேண்டாம். அதனால்தான் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத கட்சிக்காரன் தணிகாசலம், நெற்றி நிறையத் திருநீற்றோடு புக்கிட் ரம்பாய் தோட்டத்துப் பஜனையில் உட்கார்ந்திருந்தான்.

"தம்பிங்களா, இதுதான் உங்களுக்கு முதல் ஓட்டு. எதிரிக்குச் சின்னம் கப்பல். நமக்கு மாட்டுத் தலை. யாரு அது? நம்ம நந்தி!"

இளைஞர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சீட்டுல பென்சிலால ஒரே ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான்லா!"

வாக்குப்பதிவன்று மாலை, பஜனைக் குழுத் தலைவன் மருதையன் ஓடி வந்தான்.

"அண்ணே, நம்ம பசங்க ஒருத்தன் பாக்கியில்ல. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ளே போனோம். சீட்டுல நந்தியைப் பார்த்ததும் கண்ணுல ஒத்திக்கிட்டோம்."

தணிகாசலத்துக்கு அப்போதே கழுத்தில் மாலை விழுந்ததுபோல் இருந்தது.

"பெருக்கல் குறி போட்டீங்கதானே?"

"போடாம இருப்போமா? ஆனா அது வாத்தியார் தப்புக்குப் போடுற குறியாச்சே, அதை நந்தி மேலயா போடுவோம்? அத்தனை பேரும் கப்பல் மேல நல்லா அழுத்திப் போட்டுட்டோம்ணே!"