துணி இல்லாமல் ஓடும் மிஷின்

மதிய வெயில் தையல்கடையின் பாதி வரை வந்து நிற்கிறது. தையல்காரர் மிஷின்மேல் கவிழ்ந்திருக்கிறார். வயிறு தொடையோடு ஒட்டியிருக்கிறது, நெற்றி பலகையைத் தொடுகிறது. கணையத்தில் கிளம்பும் வலி முதுகைத் துளைக்கும்போது இப்படிக் குனிந்தால்தான் மூச்சு விட முடிகிறது. கால்கள் மட்டும் மிதித்துக்கொண்டே இருக்கின்றன. வாசல்படியில் காத்திருக்கும் வாடிக்கையாளர், "அண்ணன் வேலைன்னு உக்காந்தா உலகமே மறந்துடும்போல," என்கிறார். பொத்தான் தைக்கும் மனைவி சிரித்து வைக்கிறாள். அவள் பக்கத்தில் திறந்த சோற்றுப் பாத்திரம் ஆறிக் கிடக்கிறது. முதல் வாய்ச் சோற்றோடு அவர் விழுங்க வேண்டிய மாத்திரை பாத்திரத்தின் மூடியில் அப்படியே இருக்கிறது. சாப்பிட்டால் வலி கூடும் என்ற பயத்தில் அவர் எதையும் தொடவில்லை. மிஷின் சத்தம் அவள் காதை உறுத்துகிறது. துணி இல்லாமல் ஓடினால்தான் அது இப்படி வெறுமனே கடகடக்கும். எழுந்து போய் அவர் காதருகே குனிகிறாள். "நிறுத்திட்டுப் படுங்களேன்." "சீக்காளின்னு தெரிஞ்சா எவன் துணி குடுப்பான்? வாசல்ல இருக்கறவர் போகட்டும்." என்கிறார் தலை நிமிராமல். அவள் கீழே கிடந்த வெட்டுத்துண்டை எடுத்து ஊசிக்கடியில் நுழைக்கிறாள். சத்தம் அடங்கி, தைக்கிற சத்தமாக மாறுகிறது. "இன்னும் நேரமாகுமாம்மா?" என்று கேட்கிறார் வாடிக்கையாளர். "இதோ, உங்களுதுதான் தைக்கிறாரு," என்கிறாள், அடுத்த துண்டைத் தேடியபடி.